தோற்ற தளபதியின் ஏடு: பர்மா, 1942

பழந்தமிழ்ப் புறத்திணைகளுள் படையெடுப்புக்கு வஞ்சி உண்டு. மதில் முற்றுகைக்கு உழிஞை உண்டு. எதிர்நின்று பொருவதற்குத் தும்பை உண்டு. வென்றவனுக்கு வாகை உண்டு. பின்வாங்கும் படைக்கென்று தனியே ஒரு திணை இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். அவன் செயலைக் கழாத்தலையார் பாடினார். வெண்ணிக் குயத்தியாரோ வென்ற கரிகாலனையே விளித்து, புகழை நாடி வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். தோல்வியை மானத்தால் வெல்லலாம் என்பதற்கு அந்தச் சேரன் சான்றாக நிற்கிறான்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. மன்னன் வடக்கிருக்கலாம், அவனை நம்பிப் பின்வந்த படை என்ன செய்யும்? காயமுற்றவரைச் சுமப்பவர் யார்? பசித்தவர்க்குச் சோறு தேடுபவர் யார்? சாகத் துணிவதினும் அரிதான கடமை ஒன்று தோற்றவனுக்கு உண்டு. எஞ்சியவரை உயிரோடு கொண்டு சேர்ப்பதே அது. அந்தக் கடமையைச் செய்தவர்களுள் ஒருவர், தாம் கண்ட துன்பத்தைப் பின்னாளில் மறைக்காமல் எழுதி வைத்தார். அவர் வில்லியம் ஸ்லிம். அவர் எழுதிய களம் பர்மா, ஆண்டு 1942. தமிழர் பலரும் நடந்து வந்த வழி அது.

கதை எழுதிய போர்வீரர்

ஸ்லிம் 1891இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். உயர்குடிப் பிறப்போ செல்வமோ அவருக்கு இல்லை. இளமையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகவும், உலோகக் குழாய் செய்யும் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகவும் வேலை பார்த்தார். 1914இல் உலகப்போர் மூண்டபோது படையில் சேர்ந்தார், கலிபோலியில் படுகாயமுற்றார், மெசபடோமியாவில் மீண்டும் காயமுற்றார். பிறகு இந்தியப் படைக்கு மாறி, 6ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் படையில் பணியாற்றினார்.

இலக்கிய அன்பர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று அவர் வாழ்க்கையில் உண்டு. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், படைச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாமையால், தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு ஆக்கிய ‘ஆண்டனி மில்ஸ்’ என்னும் புனைபெயரில் இதழ்களுக்குக் கதை எழுதினார். சிறுசெய்தி ஒன்றைக் கொண்டு ஒரு மனிதனைக் காட்டுவது எப்படி என்பதை அவர் அந்தப் பழக்கத்தில் கற்றிருக்க வேண்டும். 1956இல் அவர் வெளியிட்ட ‘தோல்வியிலிருந்து வெற்றிக்கு’ என்று பொருள்படும் பெயர்கொண்ட நூலில் அந்தப் பயிற்சி தெரிகிறது. தளபதிகளின் நினைவு நூல்கள் பெரும்பாலும் தற்புகழ்ச்சியும் பிறர்மீது பழியும் கலந்தவை. இந்நூலின் முதற்பகுதி முழுவதும், தோல்வியைத் தோல்வி என்றே சொல்லும் ஒரு மனிதரின் குரல் ஒலிக்கிறது.

உடைந்த பாலம்

1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சயாம் எல்லையைக் கடந்து ஜப்பானியப் படை தெற்குப் பர்மாவில் நுழைந்தது. எதிர்நின்ற 17ஆம் இந்தியப் பிரிவு சித்தாங் ஆறு வரை தள்ளப்பட்டது. அவ்வாற்றின் மீதிருந்த இரயில் பாலமே இரங்கூனுக்குச் செல்லும் வழி. 1942 பிப்ரவரி 23ஆம் நாள் விடியற்காலையில், பாலம் பகைவர் கையில் சிக்கிவிடும் என்னும் அச்சத்தால் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்போது அப்பிரிவின் பெரும்பகுதி இன்னும் அக்கரையிலேயே இருந்தது.

அகன்ற அந்த ஆற்றை வீரர்கள் நீந்தியும், மூங்கிலையும் மரத்துண்டுகளையும் பற்றி மிதந்தும் கடந்தனர். பலர் மூழ்கினர். கரை சேர்ந்தவர்களுள் பலரிடம் துப்பாக்கி இல்லை. காலில் செருப்பும் இல்லை. மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. இந்நிலையில்தான் ஸ்லிம் வந்தார். 17ஆம் இந்தியப் பிரிவையும் 1ஆம் பர்மாப் பிரிவையும் ஒருங்கிணைத்த பர்மாப் படைத்தொகுதியின் தலைமையை மார்ச் 19ஆம் நாள் புரோம் நகரில் ஏற்றார்.

பாலம் தகர்க்கப்பட்டபோது ஸ்லிம் பர்மாவில் இல்லை. அம்முடிவைப் பழித்துவிட்டுத் தம்மை உயர்த்திக் கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. அப்போரின் முடிவையே நிறுவிய நிகழ்ச்சி அதுவென்று கூறிவிட்டு, குறை கூறுவது எளிது, அத்தகைய முடிவை எடுப்பது எளிதன்று, இரு கொடுமைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தவனுக்கே அதன் சுமை தெரியும் என்ற கருத்தில் எழுதி நிறுத்திக்கொண்டார்.

எண்ணெய் வயலில் தாகம்

வடக்கே பின்வாங்கிய படைக்கு அடுத்த சோதனை ஏனாங்யாங் எண்ணெய் வயல்களில் காத்திருந்தது. பகைவருக்குப் பயன்படலாகாது என்று ஏப்ரல் நடுவில் எண்ணெய்க் கிணறுகளும் தொட்டிகளும் மின்நிலையமும் அழிக்கப்பட்டன. கரும்புகை வானை மூடியது. கடுங்கோடை, தண்ணீர் இல்லை. 1ஆம் பர்மாப் பிரிவு அங்கே வளைக்கப்பட்டது. அதன் தலைவர் புரூஸ் ஸ்காட், ஸ்லிமின் பழைய கூர்க்காப் படைத் தோழர், நெருங்கிய நண்பர்.

ஏப்ரல் 18ஆம் நாள் மாலை, தம் வீரர்கள் தாகத்தால் களைத்துவிட்டனர் என்றும், அன்றிரவே வளையத்தை உடைத்து வெளியேற இசைவு வேண்டும் என்றும் ஸ்காட் கம்பியில்லாக் கருவியில் கேட்டார். சுன் லி-ஜென் தலைமையிலான 38ஆம் சீனப் பிரிவு மறுநாட் காலையில் உதவிக்குத் தாக்கவிருந்தது. இரவில் வெளியேறினால் எல்லாம் சிதறும் என்று ஸ்லிம் அஞ்சினார். இசைவு தரவில்லை. நண்பர் மறுவார்த்தை பேசாமல் பணிந்தார். சீனர்களை மட்டும் எப்படியாவது தாக்கச் செய்யும்படி வேண்டிக்கொண்டார்.

மறுநாட் காலையில் சீனத் தாக்குதல் குறித்த நேரத்தில் நிகழவில்லை. மணிக்கணக்கில் தள்ளிப் போயிற்று. ஸ்காட்டின் படை வேறு வழியின்றி, ஊர்திகளையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டு, நடக்க முடிந்தவரைக் கொண்டு பின்சௌங் ஓடையை நோக்கி வெளியேறியது. நடக்க இயலாத காயமுற்றோர் சிலரை மருத்துவ ஊர்திகளிலேயே விட்டுவர நேர்ந்தது. அவர்களின் கதி என்னவாயிற்று என்று அறிய இளம் பீரங்கிப்படை அதிகாரி ஒருவர் இரவில் தாமாகவே திரும்பிச் சென்றார். ஊர்திகள் நின்ற இடத்திலேயே நின்றன. உள்ளே இருந்தவர் அனைவரும் கொல்லப்பட்டிருந்தனர்.

இதனைக் கூறுமிடத்தில் ஸ்லிம் பெருங்குரல் எடுக்கவில்லை. ஊர்திகள் நின்றன என்பதையும், உள்ளிருந்தோர் எவ்வாறு மாண்டனர் என்பதையும் சொல்லி மேலே செல்கிறார். ஆனால் அதற்குச் சற்று முன்பு, இசைவு மறுத்தவர் தாமே என்பதையும் எழுதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நடுவே விளக்கம் எதுவும் எழுதாமல் விட்டதில் ஒரு வாக்குமூலம் அடங்கியிருக்கிறது.

தளபதியின் முகத்தைப் பற்றியும் அவர் ஒரு செய்தி சொல்கிறார். தீய செய்தி வந்த ஒருநாள், சூழ்ந்து நின்ற அதிகாரிகள் தம் முகத்தையே நோக்குவதை உணர்ந்து, நிலைமை இதைவிடக் கேடாக இருந்திருக்கலாம் என்று மலர்ந்த முகத்தோடு கூறினாராம். எப்படி என்று கேட்டார் ஒருவர், ஈமக்குரலில். மழை பெய்துகொண்டிருக்கலாமே என்றார் ஸ்லிம். இரண்டு மணி நேரத்தில் மழை கொட்டியதாம். நகைச்சுவையாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி, துன்பத்தை முகத்தில் காட்ட உரிமையற்றவனின் தனிமையைப் புலப்படுத்துகிறது.

சாலையோரத்துத் தாய்

படை தனியே பின்வாங்கவில்லை. அதனோடும் அதற்கு முன்னும் பின்னும் மக்கள் வெள்ளம் நகர்ந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி பர்மாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கர், வயலில் உழைத்த தமிழ்க் கூலிகள், கடைக்காரர், எழுத்தர், வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் எனப் பல திறத்தினர் அவர்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அந்த ஆண்டில் இந்தியாவை நோக்கி வெளியேறினர். புரோமிலிருந்து தௌங்குப் கணவாய் வழியாக அரக்கான் கடற்கரைக்கும், சிந்த்வின் ஆற்றைக் கடந்து தமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தனர். காலராவும் பசியும் மலைக்காய்ச்சலும் அவர்களைத் தின்றன. இறந்தோர் தொகை 10,000 முதல் 50,000 வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. மாண்டவர்களை எண்ணுவதற்கு யாரும் இல்லாமையே இந்த மதிப்பீடுகள் இவ்வளவு வேறுபடக் காரணம்.

இவ்வெள்ளத்தில் ஒரு துளியை ஸ்லிம் தம் நூலில் பதிந்துள்ளார். சாலையோரத்தில் ஓர் இளந்தாய் பெரியம்மையால் இறந்துகொண்டிருந்தாள். அருகில் வேறு யாரும் இல்லை. அவளுடைய சின்னஞ்சிறு மகன், படைவீரன் ஒருவன் கொடுத்த தகரப்பேணியிலிருந்த பாலை அவளுக்குப் புகட்ட முயன்றுகொண்டிருந்தான். படை மருத்துவர் சிறுவனுக்கு அம்மைத் தடுப்பூசி குத்தினார். தாயைக் காக்க வழியில்லை. அவள் இறந்தாள். வழிச்சென்ற ஓர் இந்தியக் குடும்பத்துக்கு ஒரு போர்வையும் லாரியில் இடமும் கொடுத்து, சிறுவனை உடன்கொண்டு செல்லச் செய்தனர்.

இங்கே ஸ்லிம் கையாண்ட சொல் ‘கையூட்டு’ என்னும் பொருளுடையது. அருள் என்றோ உதவி என்றோ அவர் எழுதவில்லை. ஒரு குழந்தையின் உயிர் ஒரு போர்வைக்கும் ஓர் இருக்கைக்கும் பேரம் பேசப்பட்ட காலம் அது என்பதை அச்சொல் மறைக்காமல் காட்டுகிறது. சிறுவன் நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பான், புதிய குடும்பத்துக்கு நோயைத் தந்திருக்க மாட்டான் என்று நம்புவதாகச் சொல்லி அவர் முடித்துக்கொள்கிறார். சிறுவனின் பெயர் நூலில் இல்லை. அவன் எம்மொழியில் தாயை அழைத்தான் என்பதும் இல்லை.

மழை

ஏப்ரல் 3ஆம் நாள் மாந்தலே நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. ஏப்ரல் 30ஆம் நாள் ஐராவதி ஆற்றின் மீதிருந்த ஆவா பாலம் தகர்க்கப்பட்டது. மே 10ஆம் நாள் சிந்த்வின் கரையில் ஷ்வேஜின் என்னுமிடத்தில் இறுதிப்போர் நிகழ்ந்தது. ஆற்றைக் கடத்த வழியின்றி டாங்கிகளை அங்கேயே பாழாக்கிவிட்டுச் செல்ல நேர்ந்தது. ஒன்றே ஒன்றுதான் அக்கரை சேர்ந்தது.

பின் மழைக்காலம் தொடங்கியது. கபா பள்ளத்தாக்கு, மலேரியாவுக்குப் பெயர்போன இடம். அரைவயிற்று உணவு, சேற்றில் வழுக்கும் மலைப்பாதை, இரவில் சொட்டும் மரத்தடியில் நனைந்த மண்ணே படுக்கை, போர்த்திக்கொள்ளப் போர்வை இல்லை. ஆயினும் தம்மை வதைத்த அந்த மழையே பகைவரின் துரத்தலையும் நிறுத்தியது என்று ஸ்லிம் நடுநிலையோடு கணக்கெழுதுகிறார்.

அதன்பின் வருவது, நூலில் மிகுதியாக நினைக்கப்படும் காட்சி. சாலையோர மேட்டில் நின்று, தம் பின்காப்புப் படை இந்திய எல்லைக்குள் நடந்து வருவதை ஸ்லிம் பார்க்கிறார். பிரித்தானியர், இந்தியர், கூர்க்காக்கள் ஆகிய எல்லோரும் சோளக்கொல்லைப் பொம்மைகளைப் போல மெலிந்து கந்தலாகி வந்தனர். ஆனால் கையில் ஆயுதம் இருந்தது, வரிசை குலையவில்லை. பொம்மைகளாகத் தோன்றினாலும் போர்வீரர்களாகவும் தோன்றினர் என்று அவர் எழுதினார். ஏறத்தாழ ஆயிரம் மைல் பின்வாங்கிய படை அது. சுமார் 13,000 பேரை இழந்திருந்தது.

இந்திய மண்ணில் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. இம்பாலுக்கு அருகே கூரையற்ற மலைச்சரிவுகளில் மழையில் தங்க வைக்கப்பட்டனர். வழி முழுதும் நோயை நெஞ்சுரத்தால் தள்ளிவைத்திருந்தவர்கள் இங்கே வீழ்ந்தனர். படையை ஒப்படைத்து விடைபெறச் சென்ற தளபதிக்கு அவர்கள் ஆரவாரத்துடன் வாழ்த்தொலி எழுப்பினர். வென்ற படையின் வாழ்த்து மகிழ்ச்சி தருவது. தோல்வியில் மட்டுமே தம்மால் நடத்திச் செல்லப்பட்டவர்களின் வாழ்த்தோ நெஞ்சை உருக்கித் தலைகுனிய வைப்பது என்பது ஸ்லிமின் உணர்வு.

‘நான்’ மறைந்து ‘அவன்’ வந்த இடம்

இத்தனைக்கும் பிறகு ஸ்லிம் தம்மையே விசாரிக்கிறார். வெற்றி ஒன்றே தலைமையின் அளவுகோல் என்றால், தாம் முயன்ற எதிலும் வெற்றி பெறவில்லை என்கிறார். தோல்வி படைவீரனுக்குக் கசப்பு; தளபதிக்கு மும்மடங்கு கசப்பு. கடமையைச் செய்தேன் என்று வீரன் ஆறுதல் கொள்ளலாம். வெல்வதே கடமையாகிய தளபதிக்கு அந்த ஆறுதலும் இல்லை என்பது அவர் வாதம்.

இவ்விடத்தில் கவிஞர்கள் நோக்கத்தக்க ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை தன்மையில் பேசி வந்தவர் படர்க்கைக்கு மாறுகிறார். தோற்ற தளபதி இரவில் உறக்கமின்றித் தன் பிழைகளை எண்ணுவான். தான் அனுப்பித் திரும்பி வராதவர்களை நினைப்பான். தன்னை நம்பிய கண்களைக் காண்பான். தன் ஆண்மையின் அடிப்படையையே ஐயுறுவான் என்று வேறொருவனைப் பற்றிப் பேசுவதுபோல் எழுதுகிறார். ‘நான்’ என்று சொல்ல நா எழாத இடத்தில் ‘அவன்’ என்னும் சொல் சுமைதாங்கிக் கல்லாகிறது. பிறகு சட்டென்று அந்த எண்ணத்தை நிறுத்தக் கட்டளையிடுகிறார்: மீண்டும் ஒரு படையை நடத்த வேண்டியவன் அவ்விரக்கத்திலேயே அமிழ்ந்துவிடக் கூடாது, பிழையிலிருந்து கற்றதை மட்டும் கையில் கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டளை வரலாற்றில் பலித்தது. பெரும்பகுதி இந்தியரைக் கொண்ட 14ஆம் படைக்குத் தலைமை தாங்கி, 1945இல் மாந்தலேயையும் பிறகு இரங்கூனையும் ஸ்லிம் மீட்டார். ஆனால் அதே வழி பிறருடைய தோல்விக்கும் சாட்சியாயிற்று. 1944இல் இம்பாலில் தோற்ற ஜப்பானியப் படையும், அதனுடன் வந்த இந்திய தேசிய இராணுவத்தினரும் அதே மழையில், அதே பசியோடு, அதே கபா பள்ளத்தாக்கின் வழியே பின்வாங்கினர். வழி நெடுகப் பிணங்கள் கிடந்தன. பகைவரின் வீரத்தை மெச்சும் ஸ்லிம், அவர்கள் துன்பத்தின்மேல் மிகுதியாகப் பரிவு காட்டவில்லை. இந்திய தேசிய இராணுவத்தினர்பாலோ இன்னும் குறைவு. தம் வீரர்களின் உள்ளத்தில் அத்தனை ஆழம் புகுந்த கண், விடுதலை வேட்கையால் எதிரணியில் நின்றவரின் உள்ளத்தில் புக முயலவில்லை. எந்தச் சாட்சியின் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு.

எழுதப்படாத வரிசை

அவ்வெல்லைக்கு அப்பால் நின்றவர்களே வழிநடந்த மக்கள். படைக்கு அரைவயிற்று உணவேனும் இருந்தது, மருத்துவர் இருந்தனர், காக்கத்தக்க வரிசை ஒன்று இருந்தது. கூலிக்கு வந்தவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் வரிசையும் இல்லை, தலைவனும் இல்லை. வெளியேறும் வழியிலும் வெள்ளையர்க்கு ஒன்று, கறுப்பர்க்கு ஒன்று என்னும் வேறுபாடு காட்டப்பட்டதைக் காந்தியடிகள் 1942 மே மாதத்தில் ‘ஹரிஜன்’ இதழில் எழுதிக் கண்டித்தார். அந்த ஆண்டின் ஆகஸ்டுப் போராட்டத்துக்கு முன் நாட்டு மக்கள் நெஞ்சில் மூண்ட கனலில் பர்மா வழியின் சாம்பலும் கலந்திருந்தது.

தமிழில் அவ்வழியின் குரலாக வாய்த்தவர் வெ. சாமிநாத சர்மா. இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய அவர், 1942இல் மனைவியுடன் நடந்து வந்த அனுபவத்தை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் நூலாக்கினார். ஸ்லிமின் ஏட்டையும் சர்மாவின் ஏட்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போதுதான் அந்த ஆண்டு முழு உருவம் பெறுகிறது. ஒருவர் மேட்டில் நின்று வரிசையைப் பார்த்தார்; மற்றவர் வரிசையற்ற கூட்டத்துள் ஒருவராக நடந்தார். ஒருவர் பிறரின் துன்பத்துக்குத் தாம் பொறுப்பென உணர்ந்தார். மற்றவர் யாரும் பொறுப்பேற்காத துன்பத்தைத் தாமே பட்டார்.

பெருஞ்சேரலாதனைப் பாடப் புலவர் இருவர் இருந்தனர். சித்தாங்கில் மூழ்கியவரையும், ஏனாங்யாங்கில் ஊர்தியிலேயே மாண்டவரையும் பதிய ஒரு தளபதி இருந்தார். தமு வழியில் இறந்த ஆயிரக்கணக்கானோருக்கு விரல்விட்டு எண்ணத்தக்க ஏடுகளே உள்ளன. 1960களில் பர்மாவிலிருந்து மீண்டும் வெளியேற நேர்ந்த தமிழரில் சிலர், தமுவுக்கு எதிரே மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் குடியேறிக் கோயில் எடுத்தனர். 1942இல் மக்கள் நடந்து சென்ற வழி அவ்வூரின் வழியாகவே செல்கிறது.

தும்பையும் வாகையும் பாட முடியாத துன்பத்துக்குப் பழம்புலவர் நிலையாமை கூறும் காஞ்சியை வைத்தனர். ஒரு போர்வையின் விலைக்கு வேற்றுக் குடும்பத்தில் சேர்க்கப்பட்ட அந்தச் சிறுவன் அத்திணைக்கு உரியவன். அவனைக் கண்டு எழுதிய கை ஒரு தோற்ற தளபதியினுடையது. அவன் பெயரிட்டு அழைக்கப்படும் பாட்டு இன்னும் எழுதப்படவில்லை.